படகுக்குப் பூச்சு: பளபளப்பு முக்கியமா, பலகை முக்கியமா?

ஏப்ரல் 15-ந் தேதி வந்துவிட்டால், தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரை நெடுகிலும் ஒரு சத்தம் கேட்கும்.

"கர்... கர்... கர்..."

மரத்தைச் சுரண்டும் சத்தம் அது!

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது என்று அதற்குப் பொருள். ஜூன் 14-ந் தேதி வரை, 61 நாட்கள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனம் பெருக்கும் காலம் என்பதால் இந்தத் தடை. (2017-ம் ஆண்டுக்கு முன்பு 45 நாட்களாக இருந்தது.)

கடலுக்குப் போகாத படகு கரை ஏறுகிறது. ராமேசுவரம், பாம்பன், மண்டபம், நாகப்பட்டினம், கடலூர், தூத்துக்குடி என்று எங்கே பார்த்தாலும், கட்டைகளின் மேல் படகுகள் வரிசையாக நிற்கும். தச்சர் வருவார். பெயிண்டுக் கடையில் கூட்டம் நெரியும்.

வீட்டில் இருக்கும் நகை அடகுக் கடைக்குப் போவதும் இந்த மாதங்களில்தான்! வருமானம் இல்லாத நேரம் பார்த்து, வருடத்தின் பெரிய செலவு வந்து நிற்கிறது.

கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்த மனைவிக்கு ஒரு கேள்வி கேட்க உரிமை உண்டு.

"இந்தப் பணம் படகைக் காப்பாற்றுமா? இல்லை, படகுக்குப் பொட்டு வைத்து அழகு பார்க்க மட்டும்தானா?"

பல படகுகளில் இதற்கு நல்ல பதில் கிடைக்காது. பணம், கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்குப் போகிறது. காப்பாற்ற வேண்டிய இடமோ, தண்ணீருக்கு அடியில் இருக்கிறது!

அணியத்தில் தாமரைப் பூ எழுதுவார்கள். பக்கத்தில் மூன்று வர்ணத்தில் கோடு போடுவார்கள். தெய்வத்தின் பெயரையும், பிள்ளைகளின் பெயரையும் கொட்டை எழுத்தில் எழுதுவார்கள். எழுதட்டும். அதில் குற்றம் இல்லை. அடிப் பலகைக்குக் கொடுக்க வேண்டிய காசை அதில் கொட்டுவதுதான் குற்றம்.

புழு அல்லாத புழு

மரப் படகுக்குக் கடலில் ஒரு பெரிய எதிரி உண்டு. அதன் பெயர் கப்பல் புழு.

பெயர்தான் புழு. உண்மையில் அது சிப்பி இனம்! அதன் தலையில் இரண்டு சின்னஞ்சிறு ஓடுகள் இருக்கின்றன. அரம் போன்ற அந்த ஓடுகளால் மரத்தைக் குடைந்துகொண்டே போகும்.

அது எப்படி உள்ளே நுழைகிறது?

குஞ்சாக இருக்கும்போது அது கண்ணுக்கே தெரியாது. தண்ணீரில் மிதந்து வரும். பூச்சு இல்லாத மரத்தைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும். குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டை போட்டு உள்ளே புகுந்துவிடும். பிறகு உள்ளேயே வளரும்.

வெளியே பார்த்தால் பலகை நன்றாக இருக்கும். உள்ளே தேன்கூடு மாதிரி ஆகியிருக்கும்! சுத்தியலால் தட்டினால், நல்ல பலகை "டங்" என்று சொல்லும். அரித்த பலகை "தொப்" என்று சொல்லும். அனுபவப்பட்ட தச்சர் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார்.

கொலம்பசையே கவிழ்த்த பூச்சி இது. அமெரிக்காவுக்குக் கடல் வழி கண்ட அதே கொலம்பசுதான். தமது நான்காவது பயணத்தில், 1503-ம் ஆண்டு, அவருடைய கப்பல்களைக் கப்பல் புழு சல்லடை ஆக்கிவிட்டது. கப்பலை ஜமைக்காத் தீவின் கரையில் ஏற்றிவிட்டு, ஒரு வருடம் அங்கேயே கிடந்தார்!

ஆகவே, அடிப்பலகையில் ஒரு சின்னக் கீறல் இருந்தாலும், அது கீறல் அல்ல, வாசல்.

ஆனால் எல்லாப் படகுக்கும் இந்தப் பயம் ஒன்றுபோல் இல்லை. கட்டுமரத்துக்குப் பெயிண்டு அடித்து யாராவது பார்த்ததுண்டா? இல்லை. கட்டுமரம் தினமும் கரை ஏறுகிறது. வெயிலில் காய்கிறது. தண்ணீரில் இல்லாத மரத்தில் கப்பல் புழு பிழைக்க முடியாது. வெயில்தான் கட்டுமரத்துக்குப் பெயிண்டு!

மணலில் இழுத்து வைக்கும் சிறு வள்ளத்துக்கும் ஏறக்குறைய இதே கதைதான். துறைமுகத்தில் மாதக்கணக்கில் மிதந்துகொண்டே நிற்கும் படகுக்குத்தான் விஷப் பூச்சு கட்டாயம். இந்த வித்தியாசம் தெரியாமல், தினம் கரை ஏறும் வள்ளத்துக்கு விலை உயர்ந்த விஷப் பெயிண்டு வாங்கி அடிப்பவர்களும் உண்டு. அது வீண் செலவு.

தேய்ந்தால்தான் நல்லது!

விஷப் பெயிண்டு என்றால் என்ன?

படகின் அடியில் பாசி பிடிக்கும். கொட்டலசு ஒட்டும். கொட்டலசு பார்ப்பதற்குச் சிப்பி போல் இருந்தாலும், நண்டுக்கும் இறாலுக்கும் உறவு. கல் மாதிரி ஒட்டிக்கொண்டு, காலைப் பதம் பார்க்கும் அதே சனியன்தான்! அடியில் அது ஒட்டினால் படகு வேகம் குறையும். டீசல் அதிகம் குடிக்கும்.

இவற்றை அண்டவிடாமல் விரட்டுவதற்காக, செம்பு உப்பு கலந்து செய்யும் பெயிண்டுதான் விஷப் பெயிண்டு. கடைகளில் "ஆன்டிபவுலிங்" என்று கேட்டால் கொடுப்பார்கள். பெரும்பாலும் செங்கல் நிறத்தில் இருக்கும்.

செம்பின் குணத்தை உலகம் கண்டுபிடித்த கதை சுவையானது.

1761-ம் ஆண்டு, இங்கிலாந்துக் கடற்படை "அலாரம்" என்ற போர்க்கப்பலின் அடியில் செப்புத் தகடு அடித்துப் பார்த்தது. புழு வரவில்லை. பாசியும் ஒட்டவில்லை. ஆனால் ஒரு கோளாறு வந்தது. செம்பு பட்ட இடத்தில் எல்லாம் இரும்பு ஆணிகள் அரித்துப் போயின!

செம்பும் கடல் தண்ணீரில் மெல்ல மெல்லக் கரைந்தது. தகடு வீணாகிறதே என்று கடற்படைக்குக் கவலை. ஹம்பிரி டேவி என்ற விஞ்ஞானியிடம் போனார்கள். சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு விளக்குச் செய்து கொடுத்தவர் அவர்.

1824-ல் டேவி ஒரு யுக்தி சொன்னார். செப்புத் தகட்டில் ஆங்காங்கே சிறு துத்தநாகத் துண்டோ, இரும்புத் துண்டோ வைத்தால் போதும் என்றார். வைத்தார்கள். செம்பு கரைவது நின்றுவிட்டது. எல்லாருக்கும் மகிழ்ச்சி!

கொஞ்ச நாளில் பார்த்தால், கப்பல் அடியில் கொட்டலசு காடாக வளர்ந்திருந்தது!

ஏன்? செம்பு கரைந்தால்தான் பூச்சி சாகும். கரையாத செம்பு, பூச்சிக்கு வெறும் தரை. கரைவதை நிறுத்தியதால், காவலும் நின்றுவிட்டது. கடற்படை டேவியின் யுக்தியைக் கைவிட்டது.

200 வருடத்துக்கு முந்திய இந்தக் கதையைப் படகு வைத்திருப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டும். "போன வருடம் அடித்த விஷப் பெயிண்டு அப்படியே இருக்கிறது. எவ்வளவு உறுதி பார்த்தீர்களா!" என்று சிலர் பெருமைப்படுவார்கள். அப்படியே இருந்தால், அதில் இருந்த செம்பு தீர்ந்துபோய் வெறும் தோல் மட்டும் நிற்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம். சோப்புத் தேய்ந்தால்தான் அழுக்குப் போகும். விஷப் பெயிண்டும் அப்படித்தான். ஒவ்வொரு வருடமும் புதிதாக அடிப்பதுதான் சரி. அடிப்பக்கத்தில் கஞ்சத்தனம் கூடாது. மற்ற இடத்தில் மிச்சம் பிடித்தாவது இங்கே இரண்டு கை அடிக்க வேண்டும். தண்ணீர் மட்டத்திலும், அணியத்தின் ஓரத்திலும், சுக்கானிலும் மூன்றாவது கையும் போடலாம். அங்கேதான் தேய்மானம் அதிகம்.

விஷப் பெயிண்டில் மண்ணெண்ணெய் கலந்து நீர்க்க அடிக்கிற பழக்கம் இருக்கிறது. அது தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வது. டப்பாவில் என்ன எழுதியிருக்கிறதோ, அந்தத் தின்னரை, அந்த அளவுதான் கலக்க வேண்டும்.

இன்னொன்று. படகின் அடியில் அலுமினியத் தகடு அடித்திருந்தால், அதன் மேல் செம்புப் பெயிண்டை நேராக அடிக்கவே கூடாது. அன்று செம்பு இரும்பு ஆணியைத் தின்றது போல, அலுமினியத்தையும் தின்றுவிடும். அலுமினியத்துக்கு என்று தனிப் பெயிண்டு இருக்கிறது. கடையில் வாங்கும்போது "அடியில் தகடு இருக்கிறது" என்று முதல் வார்த்தையாகச் சொல்லிவிட வேண்டும்.

சிப்பியைக் கெடுத்த பெயிண்டு

செம்பை விடக் கடுமையான விஷம் ஒன்றும் முன்பு இருந்தது. "டி.பி.டி." என்று சொல்வார்கள். தகரத்தில் இருந்து செய்தது. அற்புதமாக வேலை செய்தது. கொட்டலசு கிட்டவே வராது.

ஆனால் பிரான்சு நாட்டில் ஆர்க்கசோன் வளைகுடா என்று ஓர் இடம். உண்பதற்காகச் சிப்பி வளர்க்கும் இடம். 1970-களின் பின்பகுதியில் அங்கே சிப்பிகள் ஓடு தடித்து, உருக்கெட்டுப் போயின. சிப்பிக் குஞ்சுகள் பிழைக்கவில்லை. படகுகளில் அடித்த இந்தப் பெயிண்டுதான் காரணம் என்று தெரிந்தது. 1982-ல் பிரான்சு சிறு படகுகளுக்கு அதைத் தடை செய்தது. பிறகு 2001-ல் உலக நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் செய்தன. 2008 செப்டம்பரில் அது அமலுக்கு வந்தது.

மீனவர் வீட்டுக்கு இதில் ஒரு சேதி இருக்கிறது. படகுக்கு அடிக்கும் விஷம் கடலில்தான் கரைகிறது. அந்தக் கடலில்தான் மீனும் இருக்கிறது. பழைய டப்பா மலிவாகக் கிடைக்கிறது என்று, பெயர் அழிந்த சரக்கை வாங்கக் கூடாது. சுரண்டி எடுத்த பழைய விஷப் பெயிண்டைக் கடலிலேயே கூட்டித் தள்ளுவது, தன் சோற்றில் தானே மண் போடுவது ஆகும்.

வீட்டுப் பெயிண்டு ஆகுமா?

இனி, தண்ணீருக்கு மேலே உள்ள பக்கம்.

கடையில் அடிக்கடி நடக்கும் பேச்சு இது:

"அண்ணாச்சி, வீட்டுக் கதவுக்கு அடிக்கிற எனாமல் படகுக்கு நிக்குமா?"

"எல்லாரும் அதத்தான் வாங்கிட்டுப் போறாவ தம்பி. பளபளன்னு இருக்கும்."

அண்ணாச்சி பொய் சொல்லவில்லை. பளபள என்று இருக்கும். ஜூலை மாதம் வரை இருக்கும்! பிறகு உப்பும் வெயிலும் சேர்ந்து வெளுக்க வைக்கும். தீபாவளிக்குள் சுண்ணாம்பு மாதிரி கையில் ஒட்டும்.

கப்பல் எனாமல் என்று தனியாக விற்கிறார்கள். விலை கூடுதல்தான். ஆனால் டப்பா விலையை மட்டும் பார்க்கக் கூடாது. கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

வீட்டுப் பெயிண்டு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அடிக்கும் கூலி, உப்புத்தாள், பிரஷ் எல்லாம் சேர்ந்து 150 ரூபாய். ஆக 250. ஒவ்வொரு வருடமும் அடிக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு 500 ரூபாய்.

கப்பல் எனாமல் 180 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கூலி அதே 150. மொத்தம் 330. அது இரண்டு வருடம் தாங்கினால், 170 ரூபாய் மிச்சம்!

விலை ஊருக்கு ஊர் மாறும். கணக்கு மாறாது. கூலிதான் பெரிய செலவு. மட்டமான பெயிண்டுக்கும் அதே கூலிதான் கொடுக்க வேண்டும்.

எவ்வளவு வாங்குவது? ஒரு லிட்டர் சுமார் 100 சதுர அடிக்கு ஒரு கை வரும். 30 அடி நீளப் படகில், இரண்டு பக்கமும் சேர்த்து 10 அடி சுற்று என்றால் 300 சதுர அடி. ஒரு கைக்கு 3 லிட்டர். தேவைக்கு அதிகமாக வாங்கி, வீட்டு மூலையில் காய்ந்துபோக விட வேண்டியது இல்லை.

வர்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கறுப்பும் கருநீலமும் வெயிலை இழுக்கும். பலகை சூடாகும். இணைப்பு திறந்துகொள்ளும். மேல்தளத்துக்காவது வெளிர் நிறம் அடிப்பது நல்லது. அரசாங்கம் சொல்லும் வர்ணமும், இரண்டு பக்கமும் எழுத வேண்டிய பதிவு எண்ணும் வேறு விஷயம். அவற்றில் நம் இஷ்டம் கிடையாது.

வார்னிஷ் ஆசை

மரத்தின் ரேகை தெரிய வேண்டும், தேன் நிறத்தில் மின்ன வேண்டும் என்று சிலருக்கு ஆசை. படகு முழுவதும் வார்னிஷ் அடிக்கிறார்கள்.

நம் வெயிலுக்கு இந்த ஆசை வேண்டாம்!

பெயிண்டில் வர்ணப் பொடி இருக்கிறது. அது குடை மாதிரி வெயிலைத் தடுக்கும். வார்னிஷில் பொடி கிடையாது. அது கண்ணாடி மாதிரி. வெயில் அதன் வழியாகப் புகுந்து, மரத்தின் மேல்தோலைக் கெடுத்துவிடும். மரத்தின் பிடி போனால், மேலே உள்ள வார்னிஷ் சருகு சருகாக உரியும். உரிந்த இடத்தில் மழைத்தண்ணீர் புகும். பெயிண்டைப் போல் வருடம் ஒரு முறை போதாது. வருடத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது மெல்லியதாக அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தொழில் படகில் அதற்கு யாருக்கு நேரம்?

துடுப்பு, பாய்மரம், கூண்டுக்கு உள்ளே இருக்கும் பலகை, உல்லாசப் படகின் இருக்கை. இவற்றுக்கு வார்னிஷ் போதும்.

அதிலும் எந்த வார்னிஷ்? மேசை நாற்காலிக்கு அடிக்கும் வார்னிஷ் கெட்டியாகக் காயும். வளையாது. படகுப் பலகையோ தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதோடு சேர்ந்து வளையாத பூச்சு வெடிக்கும். எண்ணெய்ச் சத்து அதிகம் உள்ள வார்னிஷ்தான் படகுக்கு ஏற்றது. "ஸ்பார் வார்னிஷ்" என்று அதற்குப் பெயர். ஸ்பார் என்றால் பாய் கட்டும் மரம். அசைந்து வளையும் மரத்துக்கு என்றே செய்ததால் இந்தப் பெயர் வந்தது.

அரக்கில் செய்யும் பாலிஷ் வீட்டுப் பீரோவுக்கு அழகு. தண்ணீர் பட்டால் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். படகுப் பக்கமே அதைக் கொண்டு போகாதீர்கள்.

முதல் கை வார்னிஷில், டர்பன்டைன் தாராளமாகக் கலந்து நீர்க்க அடிக்க வேண்டும். மரம் குடிக்கும். அடுத்தடுத்த கை கெட்டியாகப் போகலாம். காய்ந்த பிறகு மெல்லிய உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் அடுத்த கை. நாலு கைக்குக் குறைந்தால் அடித்தும் பயன் இல்லை.

பாட்டன் பூசிய எண்ணெய்

பெயிண்டு டப்பா வருவதற்கு முன்னால் நம்மவர்கள் படகு ஓட்டவில்லையா?

ஓட்டினார்கள். மீன் எண்ணெய் பூசினார்கள். புன்னை எண்ணெய் பூசினார்கள். குங்கிலியத்தைப் பொடித்து, எண்ணெயில் காய்ச்சி, பலகை இணைப்பில் அப்பினார்கள். முந்திரிக்கொட்டையின் ஓட்டில் இருந்து எடுக்கும் கறுப்பு எண்ணெயும் படகுக்கு ஆகும். (அது கையில் பட்டால் கொப்புளம் போடும். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தால் தெரியும்.) கேரளத்தின் பாம்புப் படகுகளுக்கு, மீன் எண்ணெயோடு, தேங்காய்ச் சிரட்டைக் கரியையும் முட்டையையும் குழைத்துப் பூசும் வழக்கம் உண்டு. படகு வழுக்கிக்கொண்டு பாயும்!

குசராத்துக் கடற்கரையில், திமிங்கிலச் சுறாவின் ஈரல் எண்ணெயைப் படகுக்குப் பூசினார்கள். அந்தப் பெரிய மீனை இப்போது பிடிக்கக் கூடாது. 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் அதைச் சேர்த்துவிட்டார்கள். புலிக்கு இருக்கும் பாதுகாப்பு அதற்கும் உண்டு.

பழைய எண்ணெய்ப் பூச்சைக் கேலி செய்பவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. எண்ணெய் மரத்துக்குள் இறங்கும். உரியாது. சுரண்ட வேண்டாம். மறுபடி பூசினால் போதும். ஆனால் அது சில வாரங்களில் வெளியேறிவிடும். தண்ணீரிலேயே கிடக்கும் படகின் அடிக்கு அதை மட்டும் நம்ப முடியாது.

நல்ல வழி இரண்டையும் சேர்ப்பதுதான். வெளிப் பக்கம் பெயிண்டு. உள் பக்கம் எண்ணெய். உள்ளேயும் வெளியேயும் கெட்டியாகப் பெயிண்டு அடித்து மூடினால், எப்படியோ உள்ளே போன ஈரத்துக்கு வெளியே வர வழி இல்லை. மரம் உள்ளுக்குள் இற்றுப்போகும்.

ஒன்று கவனித்தீர்களா? மரத்தை இற்றுப்போக வைப்பது கடல் தண்ணீர் அல்ல. மழைத் தண்ணீர்! உப்பு, பூஞ்சையை அண்டவிடாது. நல்ல தண்ணீர் தேங்கும் மூலையில்தான் பூஞ்சை பிடிக்கும். ஆகவே மேல்தளத்து விரிசல்களை அடைக்காமல், பக்கவாட்டில் பூ எழுதிக்கொண்டிருப்பதில் அர்த்தம் இல்லை.

நல்ல மரமாக இருந்து, கவனிப்பும் இருந்தால், மரக் கப்பல் எத்தனை வருடம் இருக்கும்? பம்பாயில் வாடியா குடும்பத்துத் தச்சர்கள் தேக்கில் கட்டிய "திரிகோணமலை" என்ற கப்பல் 1817-ல் கடலில் இறங்கியது. 200 வருடம் தாண்டிவிட்டது. இங்கிலாந்தில் ஆர்ட்டில்பூல் என்ற ஊரில், இன்னும் தண்ணீரில் மிதந்துகொண்டு நிற்கிறது!

அவசரம்தான் எமன்

எவ்வளவு விலை உயர்ந்த பெயிண்டாக இருந்தாலும், ஈரப் பலகையில் அடித்தால் உரிந்துவிடும். "பெயிண்டு மட்டம்" என்று கடைக்காரரோடு சண்டை போடுகிறவர்களில் பல பேர், படகைக் கரையேற்றி ஒரு வாரத்தில் பெயிண்டு அடித்தவர்கள்.

கரையேற்றியதும் முதலில் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். உப்பு இருந்தால் அது ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மேலே அடித்த பெயிண்டு கொப்புளம் போடும். கழுவிய பிறகு காய விட வேண்டும். மரத்தில் ஈரம் நூற்றுக்கு 15 பங்குக்குக் கீழே வந்தால் நல்லது. அதை அளக்க ஒரு சிறு கருவி இருக்கிறது. பத்துப் படகுக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

அதற்காகக் கத்திரி வெயிலில் இரண்டு மாதம் சும்மா போட்டு வைக்கலாமா? அதுவும் கூடாது! பலகை அதிகமாகக் காய்ந்து சுருங்கும். இணைப்பு வாய் பிளக்கும். மேலே கீற்றுப் பந்தல் போட்டு, நிழலில் காற்றாடக் காய விட வேண்டும். பந்தலுக்கு ஆகும் செலவு, ஒரு டப்பா பெயிண்டை விடக் குறைவு. ஆனால் பந்தல் போடுகிறவர்கள் குறைவு!

பிறகு கலப்பத்து. பலகை இணைப்புகளில் பருத்தி நூல் திணித்து அடைக்கும் வேலை. இதில்தான் படகின் உயிர் இருக்கிறது. பெயிண்டு ஓட்டையை மறைக்கும், அடைக்காது. கூலி குறைவு என்று தெரியாத கையிடம் கலப்பத்தைக் கொடுத்துவிட்டு, மேலே வெளிநாட்டுப் பெயிண்டு அடித்து என்ன பயன்?

இற்ற பலகையின் மேல் மக்குப் பூசி, பெயிண்டு அடித்து விற்கும் ஆசாமிகளும் இருக்கிறார்கள். பழைய படகு வாங்குகிறவர்கள் உஷார்! புத்தம்புதிதாகப் பெயிண்டு அடித்த பழைய படகை, சுரண்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. அந்தப் படகில் நாலைந்து பேர் நடுக்கடலுக்குப் போகப் போகிறார்கள்.

குழந்தைகள் தள்ளி நிற்கட்டும்

படகு சுரண்டும் இடத்தில் குழந்தைகள் விளையாடும். கோடை விடுமுறை வேறு. அப்பாவுக்கு உதவி என்று உப்புத்தாளும் கையுமாக நிற்கும்.

அவர்களை வீட்டுக்கு அனுப்புங்கள்!

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். முன்பு முதல் கைக்குச் செவ்வீயம் அடிப்பது வழக்கம். ஈயத்தூள் குழந்தையின் மூளையைப் பாதிக்கும். வீட்டுப் பெயிண்டிலும் அலங்காரப் பெயிண்டிலும் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்று 2016-ல் இந்திய அரசு விதி செய்தது. 2017 நவம்பரில் அது அமலுக்கு வந்தது. ஆனால் படகின் மேல் இருப்பது அதற்கு முந்திய பெயிண்டாக இருந்தால், விதி என்ன செய்யும்? விஷப் பெயிண்டின் தூளும் அப்படித்தான். தண்ணீர் தெளித்து, ஈரமாகத் தேய்த்தால் தூள் பறக்காது. தேய்க்கிறவர் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். வேலை முடிந்து, கை கழுவாமல் சோற்றில் கை வைக்கக் கூடாது. அந்த உடையை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கவும் கூடாது.

இன்னொரு ஆபத்து பல பேருக்குத் தெரியாது. ஆளி விதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், அது தானாகவே தீப்பிடிக்கும்! தீக்குச்சி வேண்டாம். எண்ணெய் காயும்போது சூடு உண்டாகிறது. சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற முடியாமல் ஏறிக்கொண்டே போய்ப் பற்றிக்கொள்ளும். அந்தத் துணியை விரித்துக் காயப் போட வேண்டும், அல்லது தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். கீற்றுப் பந்தலுக்குக் கீழே இதை மறந்தால், பெயிண்டு அடித்த படகே மிஞ்சாது.

தண்ணீரில் இறங்கும் நாள்

விஷப் பெயிண்டை முதலிலேயே அடித்துவிட்டு, மற்ற வேலைகளைப் பார்க்கக் கூடாது. அது கடைசி வேலை. அடித்த பிறகு எத்தனை மணி நேரம் கழித்து, எத்தனை நாளுக்குள் தண்ணீரில் இறக்க வேண்டும் என்று டப்பாவில் எழுதியிருக்கும். படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் படிக்கச் சொல்லுங்கள். மீதிப் பெயிண்டு இருந்தால், கட்டைகள் தாங்கி நின்ற இடங்களை மறக்காதீர்கள். கட்டையை நகர்த்தி வைத்து, அந்த இடத்திலும் அடிக்க வேண்டும். கப்பல் புழு அந்த இடத்தை மறக்காது!

படகு தண்ணீரில் இறங்கிய முதல் நாள் கொஞ்சம் தண்ணீர் கசியும். பயப்பட வேண்டாம். பலகை உப்பி இணைப்பு இறுகுவதற்கு ஒன்றிரண்டு நாள் ஆகும். அதுவரை இரவில் ஓர் ஆள் படகிலேயே படுத்துக்கொள்ள வேண்டும். கையில் ஒரு விளக்கு, பக்கத்தில் தண்ணீர் இறைக்க ஒரு வாளி. மூன்றாவது நாள் காலையிலும் வாளி நிறைந்தால், பூச்சில் அல்ல, கலப்பத்தில் கோளாறு. தச்சரைக் கூப்பிட்டுக் காட்டிய பிறகுதான் வலையை ஏற்ற வேண்டும்.